கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படும் பெற்றோர்

கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போகும் சாலை நெடுக மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கும் ஐந்தாம் வழித்தடம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இங்கிருந்து சில கிலோமீட்டரில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கப்போகும் ‘மத்ஸ்யா 6000’ கலம் அந்த நிறுவனத்தின் வேலை. அதே சாலையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் உண்டு. மேடவாக்கத்தைத் தாண்டினால் பெரும்பாக்கம்: எட்டு அடுக்குத் தொகுப்புகளில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. 2000-ஆம் ஆண்டு முதல் உருவான கண்ணகி நகரும், சுனாமிக்குப் பின் நிரம்பிய செம்மஞ்சேரியும் அதே வரிசையில் வருபவை.

இந்தக் குடியிருப்புகளில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். அப்பா பெயிண்டர், கொத்தனார், லோடுமேன், ஆட்டோ ஓட்டுநர். அம்மா வீட்டு வேலைக்கோ, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ போகிறவர். அவர்களின் பிள்ளைகளை அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் கொண்டுவருவது எப்படி என்று கேட்டால் உடனே வரும் பதில்கள் நமக்குப் பழக்கமானவை. நல்ல ஆசிரியர், ஆய்வகம், மடிக்கணினி, இட ஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை. ஒவ்வொன்றும் சரியான பதில்தான். இவற்றில் எதிலும் வராத ஒரு தரப்பு அந்தப் பிள்ளையின் வீடு.

பிள்ளையின் படிப்பில் வீட்டுக்கு என்ன இடம் என்ற கேள்வியை மிகத் தீவிரமாகக் கேட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். நாசாவின் கணித வல்லுநர் கேத்தரின் ஜான்சன் வளர்ந்த மேற்கு வர்ஜீனியா மாவட்டத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அவருடைய அப்பா குடும்பத்தை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி, உயர்நிலைப் பள்ளி இருந்த ஊரில் குடிவைத்தார். பிழைப்பு பழைய ஊரில், பிள்ளைகள் புதிய ஊரில். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வருவதற்கு முன், கணினி போட்ட கணக்கைக் கையால் சரிபார்த்துக் கொடுத்தவர் அந்த மகள்.

இது தியாகத்தின் கதை. நம்மிடமும் இதற்குப் பஞ்சமில்லை. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்கான ஆயிரம் ரூபாய் இல்லாமல் அப்துல் கலாம் தவித்தபோது, அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். டிப்ளமோ முடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு வந்தவர். தமிழ்க் குடும்பங்கள் படிப்புக்காக நகையை அடகு வைக்கும், வட்டிக்கு வாங்கும், பட்டினியும் கிடக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் பணம் கொடுப்பது வேறு, படிப்புக்குள் கால் வைப்பது வேறு. இந்த இரண்டாவது வாசலை நம் பள்ளிகள் இன்னும் திறக்கவில்லை.

அமெரிக்காவில் அதைத் திறந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் பாப் மோசஸ். 1960-களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யப் போய் அடி வாங்கியவர். 1982-இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தபோது, மகள் மைஷா படித்த கேம்பிரிட்ஜ் நகரப் பள்ளியிலேயே அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ‘அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்’ பிறந்தது இப்படித்தான். அவர் வாதம் எளிமையானது. அன்று வாக்குரிமை இல்லாதவன் குடிமகன் இல்லை. இன்று கணிதம் தெரியாதவனுக்குப் பொருளாதாரத்தில் இடமில்லை. எனவே அல்ஜீப்ராவும் குடியுரிமைப் பிரச்சினைதான்.

மோசஸ் முதலில் பெற்றோரிடம் போனார். தன் பிள்ளை அல்ஜீப்ரா படிக்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமா என்று கேட்டபோது மட்டும் பதில்கள் பிரிந்தன. (நம் ஊரில் கேட்டுப் பார்த்தாலும் இதே பதில்தான் வரும்.) அந்த முரண்பாட்டைப் பெற்றோரையே உட்கார்ந்து பேச வைத்தார். சனிக்கிழமை காலைகளில் பெற்றோருக்கே அல்ஜீப்ரா வகுப்பு நடந்தது. பிள்ளைகளுக்கான பாடம் பாஸ்டன் மெட்ரோவின் ரெட் லைனில் தொடங்கியது. ஏதோ ஒரு நிலையத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் போவது மிகை, அந்தப் பக்கம் போவது குறை. ரயிலில் போய்வந்து, அதைப் படமாக வரைந்து, சொந்தப் பேச்சில் சொல்லி, கடைசியில்தான் குறியீடுகளுக்கு வந்தார்கள். கோவிலம்பாக்கம் நிலையத்தைச் சுழியமாக வைத்து மேடவாக்கம் பக்கம் ஒரு கணக்கும் கீழ்க்கட்டளை பக்கம் ஒரு கணக்கும் போட நாளை யாருக்கும் தடையில்லை.

அதே காலத்தில், 1981-இல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் ‘ஃபேமிலி மேத்’ தொடங்கியது. மாலையில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வீட்டுப் பொருள்களை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் கறுப்பினத் தேவாலயங்களோடு கைகோத்து அறிவியல் நிகழ்ச்சிகள் நடத்தியது. கணினி முகாமுக்குப் போன தன் மகளைப் போன்ற பெண்கள் அங்கே அரிது என்று கண்ட கிம்பர்லி பிரையன்ட் என்ற தாய் 2011-இல் ‘பிளாக் கேர்ள்ஸ் கோட்’ அமைப்பைத் தொடங்கினார்.

இத்தனைக்கும் பின்னால் உள்ள ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரிட்டனில் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் 2009 முதல் நடத்திவரும் ‘ஆஸ்பயர்ஸ்’ ஆய்வு, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் அறிவியல் ஆசைகளைப் பின்தொடர்ந்தது. பிள்ளைகளுக்கு அறிவியல் பிடித்திருக்கிறது, பெற்றோர் அதை மதிக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் ‘நான் விஞ்ஞானி ஆவேன்’ என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டில் அறிவியல் பேச்சு, தெரிந்தவர்களில் ஒரு விஞ்ஞானி, அருங்காட்சியகப் பழக்கம், எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுபோகும் என்ற தகவல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ‘அறிவியல் மூலதனம்’ என்றார்கள். அது உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அறிவியல் இயல்பான பாதையாகத் தெரிகிறது. கறுப்பின மாணவர்களையும் பெற்றோரையும் தனியே எடுத்துக்கொண்டு இந்தக் குழு 2015-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, அறிவியல் நமக்கானதா என்ற கேள்விதான்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குச் சாதி பதில் சொல்கிறது. ஆராய்ச்சி உலகின் முன்னணி இதழான ‘நேச்சர்’ 2023-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, தரவரிசையில் முதல் ஐந்து ஐ.ஐ.டி.களில் பேராசிரியர்களில் 98 சதவீதம் பேர் உயர்சாதியினர். பெரும்பாக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்த வட்டத்தில் ஒரு விஞ்ஞானி இல்லாததற்கு அவருடைய பெற்றோர் பொறுப்பல்ல.

தகவல் என்று மேலே சொன்னதற்கு இங்கே மிகக் கறாரான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், ‘ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா’ என்ற கேள்வியை நம் பள்ளிகள் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வைக்கின்றன. அந்தப் பிள்ளை கணிதத்தை அங்கே விட்டால், பொறியியலுக்கான முதன்மை வாசலும் அங்கேயே மூடிவிடுகிறது. படித்த குடும்பத்தில் இது எட்டாம் வகுப்பிலேயே பேசப்பட்டுவிடும். முதல் தலைமுறைக் குடும்பத்துக்கு இது தெரியவரும்போது பெரும்பாலும் சேர்க்கை முடிந்திருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டின் பெரிய சாதனைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த ஒதுக்கீடு பதினொன்றாம் வகுப்பில் சரியான குரூப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் பயன்படும்.

சரி, எழுதப் படிக்கத் தடுமாறும் பெற்றோர் அறிவியல் கல்வியில் என்ன செய்ய முடியும்? இதைக் கேட்பவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறது. மண்ணில் பதிந்த தடத்தையும் எச்சத்தையும் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்லும் அறிவு, அப்பா அம்மாவோடு வயல்வெளியில் நடந்து வந்தது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் உடன் நடந்து கற்றுக்கொண்ட அந்த அறிவுக்கு, ஓர் இருளர் குழந்தையின் விலங்கியல் பாடத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

பாம்புக்கு அடுத்தது பாறை. பல்லாவரம், திரிசூலம், நன்மங்கலம் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்த கை உழைக்கும் சாதிகளின் கை. அந்தக் கல்லுக்குப் புவியியலில் ‘சார்னோகைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருந்த பலகைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கும் முப்பது ஆண்டுகள் முன், 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவில் பழைய கற்காலத்தை நிறுவியது. உலகப் பாடநூல்களில் இருக்கும் பாறை, தாத்தா உளி வைத்த பாறை. எந்தப் பக்கம் அடித்தால் கல் பிளக்கும் என்று அந்தத் தாத்தா சொல்வதிலிருந்து புவியியல் வகுப்பு தொடங்கினால், பிள்ளை பாடத்தையும் படிக்கும், தாத்தாவையும் வேறு மாதிரி பார்க்கும்.

கொத்தனார் மூலை எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பிதாகரஸ் தேற்றம் என்று அவர் சொல்வதில்லை. ரசமட்டத்துக்குள் நகரும் குமிழி, தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது என எல்லாமே இயற்பியல்தான். ஒன்பதாம் வகுப்பு மகன் நீர்ம அழுத்தத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் அதே வீட்டில், அப்பா அதை வைத்துத்தான் சம்பாதிக்கிறார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிவதில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சந்தேகம் எழும், எழ வேண்டும். அப்பன் தொழிலைப் பிள்ளையின் பாடத்தோடு கட்டுவது குலக்கல்வி ஆகாதா? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்து நின்றதில், 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் இன்றைய தமிழ்நாடு இல்லை. ஆகவே கோட்டைத் தெளிவாகக் கிழிக்க வேண்டும். அன்றைய திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அப்பாவின் தொழிலுக்கு அனுப்பியது. இங்கே கேட்கப்படுவது அப்பாவைப் பள்ளிக்குள் கொண்டுவருவது, அதுவும் பிள்ளை அந்தத் தொழிலைத் தாண்டிப் போவதற்காக.

எல்லாத் தொழிலையும் கொண்டாட வேண்டியதும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், ஒழிய வேண்டிய கொடுமை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும் என்பது அந்த வேலைக்குப் போகிறவரின் வீட்டுக்குத் தெரிய வேண்டிய வேதியியல். அந்தப் பாடம் பிள்ளை வழியாக வீட்டுக்குப் போனால் ஓர் உயிர் மிஞ்சலாம்.

குடும்பத்தைக் கற்பவராகப் பார்க்கும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1894-இல் அடையாறு அருகே ஊரூரில் பிரம்மஞான சபையின் ஆல்காட், ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழைச் சிறுவர்களுக்குக் கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் அம்மாக்களைக் கற்போராக்கியது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களில் கல்குவாரித் தொழிலாளர்களும் உண்டு. தாய் கற்கும் வீட்டில் பிள்ளையை யாரும் ‘படி படி’ என்று விரட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த மரபின் பெரிய வாரிசு, கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலையில் தெருவிலேயே ஒன்றரை மணி நேரம், ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள். தமிழகக் கிராமங்களில் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆய்வு முக்கியமானது. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இத்திட்டத்தால் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வாசலில் நடப்பதால் அம்மாவும் ஆயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது, ஆனால் திட்டத்தின் பலமே அதுதான் என்று தோன்றுகிறது.

அறிவியலுக்கென்றே வந்தது ‘வானவில் மன்றம்’. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கருத்தாளர்கள் நேரில் வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். நல்ல திட்டம். இது பள்ளி வாசலோடு நின்றுவிடுவதுதான் குறை. பலூனையும் பாட்டிலையும் வைத்துச் செய்யும் அந்தச் சோதனைகளுக்கு ஆய்வகம் தேவையில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஞாயிறு மாலை அதையே நடத்தினால் பார்வையாளர்களில் பாதிப் பேர் பெரியவர்களாக இருப்பார்கள்.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பின்தள்ளப்பட்ட பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புத்துயிர் பெற்றன. நடைமுறையில் என்ன பேசப்படுகிறது? கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர், பிறகு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கணிதத்தில் தடுமாறுகிறார்கள், அறிவியல் சாமான் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு பெற்றோர் கேட்கலாம், கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. கூட்டமும் பெரும்பாலும் வேலைநாள் பிற்பகலில். ஹவுஸ்கீப்பிங் ஷிப்டில் இருக்கும் அம்மாவுக்கு அதற்கு வருவது என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிறகு, ‘இந்தப் பேரன்ட்ஸுக்கு அக்கறையே இல்லை’ என்ற பேச்சு.

இந்தப் பேச்சு அமெரிக்காவிலும் உண்டு. பெற்றோர் பங்கேற்பு என்ற நல்ல வார்த்தை, பள்ளியின் தோல்வியைக் கறுப்பினத் தாயின் தலையில் கட்டும் கருவியாக அங்கே பலமுறை மாறியிருக்கிறது. இங்கே படிப்பாண்டின் நடுவில் குடும்பத்தைப் பெயர்த்து 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளை பள்ளியை நிறுத்தியதற்குத் தாயைக் குறை சொல்வது அந்த வகைதான். கண்ணகி நகர் முகவரியைப் பார்த்ததும் வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களின் கதைகள் பத்திரிகைகளில் பலமுறை வந்தவை. படித்த அண்ணனுக்கே வேலை இல்லை என்று பார்க்கும் தம்பியிடம் அறிவியல் ஆர்வம் பற்றிப் பேசுவது எளிதல்ல. குடும்பத்தை அழைப்பவர்கள் அந்தக் குடும்பத்தின் பேருந்தையும் வாடகையையும் முகவரியையும் சேர்த்தே பேச வேண்டும். மோசஸ் அப்படித்தான் செய்தார். அவருக்கு வாக்குரிமைப் போராட்டமும் கணித வகுப்பும் ஒரே வேலை.

ஆகவே செய்ய வேண்டியது புதிய திட்டம் ஒன்றும் இல்லை, இருப்பவற்றை ஒன்றோடொன்று கோப்பதுதான். மேலாண்மைக் குழுக் கூட்டம் ஞாயிறு மாலைக்கு மாறட்டும். வானவில் மன்றக் கருத்தாளர் மாதம் ஒருமுறை குடியிருப்புக்கு வரட்டும். எட்டாம் வகுப்பிலேயே பள்ளி பெற்றோரை உட்காரவைத்து, எந்த குரூப் எங்கே கொண்டுபோகும் என்று ஒரு மாலை பேசட்டும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் நிழல் காலடியில் மறையும் நாளில், தூக்குக்குண்டைப் பிடித்துக் காட்ட ஒரு கொத்தனாரைப் பள்ளி மைதானத்துக்கு அழைக்கட்டும். அவருடைய அன்றைய கூலியைப் பள்ளி கொடுக்கட்டும்.

இதைப் படிப்பவர்களில் ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஊழியர்களின் பிள்ளைகள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்கும் ‘ஃபேமிலி டே’ உங்கள் கம்பெனியிலும் நடந்திருக்கும். அடுத்த முறை அந்த அழைப்பு, ஒப்பந்தத்தில் தரை துடைக்கும் அக்காக்களுக்கும் போகிறதா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சர்வர் அறையின் கதவை அவர்கள் தினமும் திறக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் ஒருநாள் அதற்குள் வந்து பார்க்கட்டும்.